திருவடியும் அடிமையும்

பெருமாள் சந்நிதியில் தீர்த்தமும் திருத்துழாயும் பெற்றபின், தலை தாழ்த்தி வாய் புதைத்து நிற்கும் அன்பருக்கு அர்ச்சகர் சாதிப்பது சடாரி. அதன் உச்சியில் இரண்டு திருவடிகள் அமைந்திருக்கும். எம்பெருமானுடைய திருவடியே தம் தலைமேல் வந்து அமர்ந்ததாக அன்பர் கொள்வர். ஆயினும் அத்திருவடிக்கு வழங்கும் பெயர் ஓர் ஆழ்வாருடைய பெயர். சடகோபர் என்றும் சடாரி என்றும் போற்றப்படும் நம்மாழ்வார், திருக்குருகூரில் வேளாளர் குலத்தில் அவதரித்தவர். நான்காம் வருணம் என்று உலகம் எண்ணிய குலம் அது. எல்லா வருணத்தாரும் தலை குனிந்து ஏற்கும் திருவடிக்கு அவர் பெயரே நிலைத்தது. அம்மட்டோ? ஆழ்வார் சந்நிதியில் சாதிக்கும் சடாரிக்கு ஸ்ரீராமாநுசன் என்று பெயர். உடையவர் சந்நிதியில் சாதிப்பதற்கு முதலியாண்டான் என்று பெயர். ஒருவர்க்கு ஒருவர் திருவடியாகும் இவ்வரிசை வைணவ சம்பிரதாயத்துக்கே உரியதொரு சிறப்பு.

திருவடி என்னும் இச்சொல்லின் உள்ளே ஒரு வினா மறைந்து கிடக்கிறது. உடல் உறுப்புக்களில் புழுதியில் படுவது அடி. பிறர்மேல் பட்டால் பொறுத்தருள வேண்டப்படுவதும் அதுவே. அவ்வுறுப்பின் பெயரிலிருந்து கிளைத்த சொற்களே அடியார், அடியேன், அடிமை ஆகியவை. வைணவர்க்கு அடிமை என்பது ஆன்மாவின் இயல்பு; கைங்கரியம் என்னும் பெரும்பேற்றின் தமிழ்ப்பெயர். சட்டப் புத்தகத்திலோ அடிமை என்பது ஒழிக்கப்பட்ட கொடுமையின் பெயர். ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்ட இந்தியாவில் 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்கு உடைமை என்ற வழக்கை நீதிமன்றம் ஏற்கலாகாது என்று விதித்தது. 1860-இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம் மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிற்று. ஒரு சொல் ஓரிடத்தில் பேறாகவும் மற்றோரிடத்தில் குற்றமாகவும் இருத்தல் எங்ஙனம்? சொல் ஒன்று, பொருள் இரண்டு என்று கூறி நகர்ந்துவிடலாம். ஆனால் சொல்லின் பிறப்பு அதற்கு இடந்தரவில்லை. இரண்டும் ஒரே அடியில் முளைத்தவை.

அடி என்பது தமிழில் பாதத்தை மட்டும் குறிப்பதன்று. மரத்தின் அடி, மலையின் அடி, பானையின் அடி என்று எதன் கீழ்ப்பாகமும் அடியே. அடிநாள் என்றால் தொடக்கநாள். அடிப்படை என்றால் எதன்மேல் ஏனையவெல்லாம் நிற்கின்றனவோ அது. கீழ் என்ற பொருளும் முதல் என்ற பொருளும் இச்சொல்லில் பிரிக்க இயலாதவாறு கலந்துள்ளன. கன்னடத்திலும் மலையாளத்திலும் அடி என்றே வழங்குகிறது. தெலுங்கில் அடுகு என்பர். அடித்தல் என்னும் வினை ஓசையால் ஒத்திருப்பினும் உறவுடையதன்று. பரோ, எமனோ என்னும் அறிஞர் இருவர் தொகுத்து 1961-இல் வெளிவந்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி இரண்டையும் வெவ்வேறு சொற்களாகவே காட்டுகிறது. தெருச்சண்டைக்குக் கூலி பெற்று வருபவனை அடியாள் என்று இக்காலத்தார் சொல்வது அந்த வேறு சொல்லின் வழிவந்தது. அடியார் கூட்டத்தோடு அவனைச் சேர்த்து எண்ண வேண்டுவதில்லை.

பாதத்துக்குத் தமிழில் வேறு பெயர்களும் உண்டு. தாள் என்பது பயிரின் தண்டுக்கும் பெயர். உடலைத் தாங்கி நிற்பதால் காலுக்கும் ஆயிற்று. கழல் என்பது வீரர் காலில் அணியும் அணி. ஆகுபெயராய் அதை அணிந்த அடியைக் குறிக்கும். திருக்குறளின் முதல் அதிகாரத்துப் பத்துக் குறட்பாக்களில் ஏழில் இறைவனுடைய அடியோ தாளோ பேசப்படுகின்றது. முகமோ கையோ அவ்வதிகாரத்தில் பேசப்படவில்லை.

வடமொழியிலிருந்து வந்த சரணம் என்ற சொல் தனியே நின்று நோக்கத்தக்கது. வடமொழியில் இவை இரண்டு சொற்கள். ஒன்று சகர வர்க்கத்து முதலெழுத்தால் தொடங்குவது. நடத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்து பாதத்தைக் குறிப்பது. மற்றொன்று ஊஷ்ம எழுத்தாகிய சகாரத்தால் தொடங்குவது; புகலிடத்தைக் குறிப்பது. கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்துச் சரம சுலோகத்தில் உள்ளது இந்த இரண்டாவது சொல். வைணவர் உயிராகப் போற்றும் துவயத்தில் இரண்டு சொற்களும் அடுத்தடுத்தே வருகின்றன. தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் சரணம் என்றே ஆகிவிடும். பாதமும் புகலும் வேற்றுமையின்றி ஒன்றாகிவிட்ட இது எழுத்துக் குறைவால் நேர்ந்ததே. ஆயினும் இத்தனை பொருத்தமான குறைவு வேறு எதற்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை. கீர்த்தனையில் பல்லவி, அனுபல்லவிக்குப் பின் வரும் சரணம் முதற்சொல்லைச் சேர்ந்தது. செய்யுளின் வரியைத் தமிழர் அடி என்றதும், வடநூலார் பாதம் என்றதும் ஒத்த கருத்தே. பாட்டும் அடிவைத்து நடக்கிறது.

நிலத்தை அளக்கும் அளவும் அடியே. மாவலியிடம் வாமனன் இரந்தது மூன்றடி மண். உலகளந்த கோல் என்று நில அளவுகோலுக்குச் சோழர் காலத்தில் பெயர் வழங்கியதைக் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. மன்னர்தம் அலுவலர் வரி விதிக்கப் பிடித்த கோலுக்கும் திரிவிக்கிரமன் பெயரே வேண்டியிருந்தது. அது நிற்க.

இனி, அடிமை. பண்புணர்த்தும் மை விகுதி பெற்ற இச்சொல்லுக்கு அடிக்கண் இருக்கும் தன்மை என்பது பொருள். தத்துவ நூலார் இதனைச் சேஷத்துவம் என்பர். பிறர்க்கென்றே இருப்பது சேஷம். எவர்க்காக இருக்கிறதோ அவர் சேஷி. திருமந்திரத்தின் முதற்சொல்லாகிய பிரணவத்துக்கு ஆசாரியர் அருளிய பொருளில் இக்கருத்தே உள்ளது. பிள்ளை லோகாசாரியர் முமுக்ஷுப்படியில் இதனை விரித்துரைத்துள்ளார். அகாரம் எம்பெருமானைச் சொல்லும். அதன்மேல் நான்காம் வேற்றுமை மறைந்து நின்று அவனுக்கே உரியது என்னும் பொருளைத் தரும். மகாரம் ஆன்மாவைச் சொல்லும். இடையில் நிற்கும் உகாரத்தின் வேலை என்ன? மற்றொருவர்க்கும் உரியதன்று என்று விலக்குவதே அதன் வேலை.

அவ்வுகாரத்தின் அருமையை எளிதில் கடந்துவிடுதல் தகாது. இறைவனுக்கு அடிமை என்ற அளவில் நின்றிருந்தால், இறைவனுக்கும் அடிமை, ஊர்ப்பெரியவருக்கும் அடிமை, கடன் கொடுத்தவருக்கும் அடிமை என்று அடுக்கிக்கொண்டு போக இடம் இருந்திருக்கும். உகாரம் அவ்வழியை அடைக்கிறது. ஆன்மா ஒருவனுடைய உடைமை; ஆதலின் அதன்மேல் வேறெவரும் உரிமை கொண்டாடுதல் பிறர் பொருளைக் கவர்தல் போன்றதாகும். தன்னைத் தனக்கே உரியவன் என்று எண்ணுவதையும்கூட ஆசாரியர்கள் ஆத்மாபகாரம், அதாவது ஆன்மத் திருட்டு என்றே கடிந்தனர். தன்னையே தன் உடைமை என்று கொள்வது திருட்டானால், அயலானைத் தன் உடைமை என்று கொள்வதை என்னென்பது! இந்நெறிப்படி நோக்கினால் இறைவனுக்கு அடிமை என்ற கொள்கையே மனிதனுக்கு மனிதன் அடிமை என்பதன் மறுப்பாக நிற்கிறது.

கொள்கை இவ்வாறிருக்க, நாட்டு நடப்பு வேறாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. கோவிலுக்கு ஆட்களை விற்றதையும் கொடுத்ததையும் சொல்லும் கல்வெட்டுக்கள் சோழநாட்டில் உள்ளன. 1201-ஆம் ஆண்டைச் சேர்ந்த திருப்பாம்புரத்துக் கல்வெட்டொன்று, பஞ்சத்தின் கொடுமை தாங்காத ஒரு வேளாளரும் அவருடைய பெண்மக்கள் இருவரும் 110 காசுக்குத் தங்களை அவ்வூர்ச் சிவன் கோவிலுக்கு அடிமைகளாக விற்றுக்கொண்டதைக் கூறுகிறது. அவர்களைக் கட்டி இழுத்து வந்தார் எவருமிலர், தாமே வந்தனர். வந்தது பக்தியாலா, பசியாலா என்பதற்குக் கல்லே விடை சொல்லிவிட்டது.

திருவாங்கூரின் வரலாறு இன்னும் கூர்மையானது. திருவனந்தபுரம் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. நம்மாழ்வார் மங்களாசாசனம் பெற்றது. அந்நாட்டை முன்பு ஆண்ட வேணாட்டு வேந்தர்க்குத் திருவடி என்பதே பட்டப்பெயராக இருந்தது. அவ்வழியில் வந்த மார்த்தாண்ட வர்மர் 1750-ஆம் ஆண்டில் தம் வாளைப் பத்மநாபசுவாமியின் திருமுன் வைத்து, நாடு முழுவதையும் பெருமாளுக்கே அர்ப்பணித்தார். திருப்படித்தானம் என்று அதனைச் சொல்வர். அன்றுமுதல் அரசர்கள் பத்மநாபதாசர் என்றே கையெழுத்திட்டனர். திருவடி என்று அழைக்கப்பட்ட குலம் தன்னைத் திருவடிக்குத் தாசன் என்று சொல்லிக்கொண்டதில் அழகு உண்டு. பாதுகையை அரியணையில் ஏற்றி, நந்திக்கிராமத்தில் பதினான்கு ஆண்டுகள் அதன் ஏவலாளனாக நாட்டைக் காத்த பரதனை நினைப்பூட்டும் செயல் அது. வேதாந்த தேசிகர் ஆயிரத்தெட்டு சுலோகங்களால் பாடிய பாதுகையின் பெருமை ஓர் அரசுக்கே இலக்கணமாயிற்று எனலாம்.

ஆனால் அதே நாட்டில், அர்ப்பணம் நிகழ்ந்த பின்னும் நூறாண்டுக்கு மேலாக மனிதர் நிலத்தோடு சேர்த்தும் தனித்தும் விற்கப்பட்டனர். அரசாங்கத்துக்கே சொந்தமான அடிமைகளும் இருந்தனர். அவர்கள் பெயரும் மலையாள மொழியில் அடிமைதான். வயலில் உழைத்த புலையர், பறையர் முதலியோர் மேற்குலத்தார்முன் நான் என்று சொல்லலாகாது. அடியன் என்றே சொல்ல வேண்டும். தாம் உண்ணும் சோற்றையும் சோறு என்று சொல்லாமல் கரிக்காடி என்று இழித்துக் கூறவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டில் வாழ்ந்த சாமுவேல் மட்டீர் என்ற கிறிஸ்தவ மறைப்பணியாளர் இதனைப் பதிவு செய்துள்ளார். 1853-இல் அரசாங்க அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் மக்களுக்கு விடுதலை அளிக்கப்பட்டது. 1855-இல் உத்திரம் திருநாள் மகாராஜா காலத்துப் பிரகடனத்தால் அடிமைமுறை முழுவதும் ஒழிந்தது. தாசன் என்று கையெழுத்திட்ட அரசரின் ஆட்சியில்தான் அடியன் என்று சொல்லவைக்கப்பட்ட மக்களும் இருந்தனர். விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவரும் ஒரு பத்மநாபதாசரே.

இங்கே அடியேன் என்றும் அடியன் என்றும் வருபவை ஓரெழுத்து வேறுபாடே உடையவை. கோவில் வாயிலில் ஒரு வைணவர் சொல்வதும், வயல் வரப்பில் ஓர் உழவர் சொன்னதும் ஏறத்தாழ ஒரே சொல். இரண்டும் தன்மை இடத்தில் நிற்பவை; இரண்டும் தன் அடிமைத்தன்மையைத் தானே கூறுபவை. அடிமை என்பதைத் தன்மையில் சொன்னால் உயர்வு, முன்னிலையில் சொன்னால் வசை, படர்க்கையில் சொன்னால் கொடுமை என்று இலக்கணத்தை வைத்தே தீர்ப்பளித்துவிட எண்ணுவார் உளர். அதில் பேருண்மை உண்டு. ஆழ்வார்களும் ஆசாரியர்களும் தம்மை அடிமை என்றனரேயன்றி, என் அடிமை என்று பிறனைச் சுட்டி உரிமை பாராட்டினாரல்லர். ஆனால் அத்தீர்ப்பு மட்டும் போதாது என்பதற்கு அவ்வுழவரே சான்று. அவரும் தன்மையில்தான் பேசினார். பேசவைத்தது பிறர் கைக்கோல்.

அப்படியானால் இரண்டையும் வேறுபடுத்துவது எது? கேட்டவர் என்ன விடை சொன்னார் என்பதில் வேறுபாடு வெளிப்படுகிறது. வைணவர் இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் அடியேன் என்பார். மற்றவரும் அடியேன் என்பார். மாணாக்கன் சொல்வான், ஆசாரியனும் தம் ஆசாரியனை நினைந்து சொல்வார். அடியார்க்கு அடியார் என்னும் பாகவத சேஷத்துவம் இவ்வாறு சுழன்று வருவதால் அதில் உச்சிப்படி என்று ஒன்றில்லை. தொண்டரடிப்பொடி என்று தமக்குப் பெயர் கொண்ட விப்ரநாராயணர் அந்தணர். அவர் பொடியாக விரும்பிய தொண்டரடி எக்குலத்தார் அடி என்று அவர் பிரித்தாரில்லை. வயல் வரப்பிலோ, அடியன் என்று சொன்னவர்க்கு அடியேன் என்று மறுமொழி கூறியவர் எவருமிலர். ஒருபக்கம் மட்டுமே சொல்லப்படும் அடியேன், சம்பிரதாயத்தின் சொல் அன்று, அச்சத்தின் சொல்.

தன் விருப்பால் அடிமை ஆவது எத்தகையது என்பதற்கு இளையபெருமாள் கூறியது நல்ல எடுத்துக்காட்டு. கிட்கிந்தையில் அனுமன் வினவியபோது, பிறப்பால் தான் இராமனுக்குத் தம்பி என்றும், அவனுடைய குணங்களுக்குத் தோற்று அடிமையானவன் என்றும் இலக்குவன் சொன்னதாக வான்மீகி கூறுகிறார். விலை கொடுத்தாரும் இலர், வாங்கினாரும் இலர். இதைக் கேட்ட அனுமனே பின்னர்ச் சிறிய திருவடி என்று பெயர் பெற்றான். திருநாளில் எம்பெருமானைத் தோளில் ஏந்தி வரும் கருடாழ்வார் பெரிய திருவடி. தாங்குபவர்க்கே திருவடி என்ற பெயர் கிடைத்ததை ஊன்றி நோக்குவார்க்கு, அடி என்னும் சொல்லின் பழம்பொருளாகிய அடித்தளம் என்பது இங்கே மீண்டும் விளங்கும்.

இம்மாறிவரும் பணிவுக்குக் குருபரம்பரை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. எம்பெருமானாருக்குப் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்து திருமந்திரம் அருளியவர் பெரிய நம்பிகள். ஒருநாள் உடையவர் சீடர் புடைசூழ எதிரே வரக்கண்ட நம்பிகள், தெருவிலேயே அவர் திருவடியில் விழுந்து வணங்கினார். ஆசாரியர் தம் சீடனை வணங்குவதா என்று கண்டவர் திகைத்தனர். உடையவரோ தடுக்கவில்லை, ஆசாரியன் திருவுள்ளம் உகந்ததைச் செய்யவிடுவதே சீடனுக்கு அழகு என்று இருந்தார். வினவியவர்களுக்கு, தம் ஆசாரியராகிய ஆளவந்தாரே முன்போல அடியார் குழாத்தோடு நடந்து வருவதாகத் தமக்குத் தோன்றியது என்று நம்பிகள் விடை கூறினாராம். குலத்தை நோக்காது மாறனேரி நம்பிக்கு ஈமக்கடன் செய்து ஊராரின் பழியை ஏற்றவரும் இதே பெரிய நம்பிகளே.

அடி என்ற சொல் வழங்கும் வரை இவ்விருவகை அடிமையும் அருகருகே நின்றுகொண்டுதான் இருக்கும். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் இருபத்து மூன்றாம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. அதன் பின்னும் கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் இருந்தமையால் 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் தேவைப்பட்டது. அச்சட்டத்தின் தமிழ்ப்பெயரிலும் அடி உண்டு. முன்னே கொத்து என்ற சொல் சேர்ந்திருப்பதால், கேட்பவர் எந்த அடிமை என்று மயங்குவதில்லை.

திருப்பாணாழ்வார் பாணர் குலத்தில் வளர்ந்தவர். தம் அடி அரங்கத்து மண்ணில் படலாகாது என்று எண்ணிக் காவிரியின் தென்கரையில் நின்றே யாழிசைத்துப் பெருமாளைப் பாடிவந்தார். அவ்வாறு நிற்கவேண்டும் என்று அவரை எண்ணவைத்தது ஊர். திருமஞ்சனத்துக்கு நீர் முகக்க வந்த லோகசாரங்க முனிவர், விலகச் சொல்லியும் கேளாது இசையில் ஆழ்ந்திருந்த அவர்மேல் கல்லை எறிந்தார். நெற்றியில் குருதி பெருகிற்று. ஆழ்வாரைத் தோளில் சுமந்து வருக என்று பெருமாள் அம்முனிவர்க்கே கட்டளையிட்டார். எறிந்த கையே அத்திருவடிகளைத் தாங்கிற்று. முனிவாகனர் என்ற பெயர் ஆழ்வார்க்கு இதனால் வந்தது. மண்ணில் படாத அடியோடு அவர் கருவறைக்குள் எழுந்தருளிப் பாடியதே அமலனாதிபிரான் என்னும் பத்துப் பாசுரங்கள். மானிடரைத் தலைமுதல் அடிவரையும், தெய்வத்தை அடிமுதல் முடிவரையும் பாடுவது கவிமரபு. அம்மரபின்படியே ஆழ்வாரும் திருவடியில் தொடங்கி, திருப்பீதாம்பரம், திருவுந்தி, திருவயிறு, திருமார்பு, திருக்கழுத்து, திருவாய் என்று மேலேறித் திருக்கண்களுக்கு வந்தார். அக்கண்கள் தம்மைப் பேதைமை கொள்ளச் செய்தன என்று சொன்னவர், அதன்பின் திருமேனி முழுவதையும் ஒருசேரக் கண்டு, தம் கண்கள் இனி வேறொன்றைக் காணமாட்டா என்று பாடி முடித்தார்.